கொழும்புப் புழுக்கத்தில் மேக்கப் நிற்க: பெண்ணுடை அணிபவர்களுக்கான செய்முறை

கொழும்பில் மேக்கப்பைக் கலைப்பது வெயிலைவிடப் புழுக்கம்தான். பகல் வெப்பம் ஆண்டு முழுக்க 30, 31 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஏப்ரல் தொடக்கம் நவம்பர் வரை காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். இந்தக் காற்றில் வியர்வை இலகுவில் ஆவியாகிப் போவதில்லை. பவுண்டேஷனுக்கு அடியில் தேங்கி, கொஞ்ச நேரத்தில் அதையும் ஏந்திக்கொண்டு வழிகிறது. குளிரூட்டிய மண்டபத்தில் இரவு முழுக்க நின்ற மேக்கப், காலி வீதியில் ஓட்டோவுக்குக் காத்து நிற்கும் அரை மணித்தியாலத்தில் மூக்கோரத்தில் வெடித்துவிடும்.

கிராஸ்டிரெஸ் செய்பவர்களுக்கு இதன்மேல் இன்னும் நான்கு சிக்கல்கள் உண்டு: எண்ணெய் கூடுதலாகச் சுரக்கும் சருமம், சவரத்துக்குப் பிறகும் தெரியும் தாடி நிழல், விக், உடம்பை வடிவமைக்கும் பஞ்சும் இறுக்க உடையும். அதனால் பெண்களுக்கென எழுதப்பட்ட அழகுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் பாதி வழியில் கைவிட்டுவிடும். யூடியூபில் வரும் குளிர்நாட்டுப் பாடங்கள் இன்னும் மோசம். முதலில் தடிப்பான கிரீம், பிறகு எண்ணெய்ப் பளபளப்பு, அதன்மேல் மூன்று அடுக்கு என்று போகும். அவை காய்ந்த காற்றுக்கு எழுதப்பட்டவை. இங்கே விதி வேறு: அடுக்குகள் மெல்லியதாக இருக்கட்டும், ஒவ்வொன்றும் முழுதாக உலரட்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் உடம்பு குளிரட்டும்.

நேரக் கணக்கு

இரவு 7 மணிக்கு வெளிக்கிட வேண்டுமென்றால் 3.30க்குத் தொடங்குங்கள். 3.30க்குக் குளிப்பும் சவரமும், 4.30க்குச் சருமத் தயாரிப்பு, 5 மணிக்கு மேக்கப், 6.15க்கு உடை, 6.40க்கு விக். புதியவர்களுக்கு இது நீளமாகத் தெரியும். ஆனால் இதில் பாதி நேரம் சும்மா ஃபேனுக்கு முன்னால் இருந்து உலர்வதற்கானது. அந்த நேரத்தைக் குறைப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் மேக்கப் வழுக்குகிறது.

குளியலறையில் மேக்கப் போட வேண்டாம். குளித்த நீராவி கதவைத் திறந்த பிறகும் நெடுநேரம் அங்கேயே நிற்கும். ஏசி உள்ள அறை கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, ஏனென்றால் ஏசி அறையைக் குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் இழுத்துவிடும். ஏசி இல்லாவிட்டால் மேசை ஃபேனைக் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நேராக வையுங்கள். முகத்துக்கு நேராக வைத்தால் பவுடர் பறக்கும், கண்ணில் நீர் வரும்.

முகம் வியர்ப்பது முகத்தின் சூட்டால் மட்டுமல்ல, முழு உடம்பின் சூட்டாலும்தான். ஒரு துவாயில் ஐஸ் கட்டிகளைச் சுற்றிப் பிடரியிலும் மணிக்கட்டுகளின் உட்பக்கத்திலும் ஐந்து நிமிடம் வையுங்கள். முகத்தில் ஐஸை நேரடியாகத் தேய்க்க வேண்டாம், சவரம் செய்த தோல் எரியும். குளிப்பதற்கும் சுடுநீர் வேண்டாம். சவரத்துக்கு மட்டும் வெதுவெதுப்பான நீர் எடுங்கள்.

சவரம்

இரண்டு மூன்று நாள் வளர்ந்த தாடியோடு தொடங்கினால் முதலில் டிரிம்மர், பிறகு பிளேடு. வெதுவெதுப்பான ஈரத் துணியை மூன்று நிமிடம் தாடியில் அழுத்திப் பிடித்தால் மயிர் மிருதுவாகும். நுரை பூசி மயிர் வளரும் திசையில் ஒரு தடவை, திரும்ப நுரை பூசிக் குறுக்காக ஒரு தடவை எடுங்கள். எதிர்த்திசையில் எடுப்பது மேலுதட்டிலும் நாடியிலும் மட்டும் போதும், அதுவும் உங்கள் சருமம் தாங்கினால். கழுத்தில் எதிர்த்து எடுத்தால் சிவந்த பருக்கள் கிளம்பும், அவற்றின் மேல் எந்தப் பவுண்டேஷனும் ஒட்டாது. ஒவ்வொரு முறையும் புது பிளேடு.

சவரத்துக்கும் மேக்கப்புக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுங்கள். உடனே பூசினால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களிலிருந்து கசியும் நீர் மேக்கப்பைத் தூக்கிவிடும். அதற்காக முதல்நாள் இரவே எடுத்து வைப்பதும் சரிவராது. தாடி ஒரு நாளில் ஏறத்தாழ மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு வளரும். அந்தக் குத்தும் முனைகள் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வெளிக்கிடுவதற்கு மூன்று நான்கு மணித்தியாலம் முந்திய சவரமே சரி.

இரத்தம் கசிந்தால் சலூன்களில் பாவிக்கும் படிகாரக் கட்டியை நனைத்து அந்த இடத்தில் தடவி, ஒரு நிமிடத்தில் கழுவிவிடுங்கள். அல்ககோல் கலந்த ஆஃப்டர்ஷேவ் வேண்டாம். எரிச்சலில் சருமம் சிவந்து சூடேறும்.

சருமத் தயாரிப்பு

எண்ணெய் நீக்கும் முகக்கழுவியால் கழுவி, ஒற்றி உலர்த்துங்கள். எண்ணெய் இல்லாத ஜெல் வகை ஈரப்பூச்சு ஒரு பயறளவு, முழு முகத்துக்கும் அவ்வளவே. எண்ணெய் வழியும் சருமத்துக்கும் இது வேண்டும். அறவே விட்டுவிட்டால் பவுண்டேஷன் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். பகலில் வெளியே போவதானால் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத, ஜெல் வகைச் சூரியப்பூச்சு பூசி 15 நிமிடம் காத்திருங்கள். இரவு நிகழ்ச்சிக்கு அது தேவையில்லை, ஓர் அடுக்கு மிச்சம்.

அடுத்தது பிரைமர், அதாவது பவுண்டேஷன் பிடித்து நிற்பதற்காக அதற்கு முன்னால் பூசும் அடிப்பூச்சு. இங்கேதான் புதியவர்களின் காசு வீணாகிறது. பிரைமரிலும் பவுண்டேஷனிலும் பொருட்பட்டியலைப் பாருங்கள். முதல் நான்கைந்து பெயர்களுக்குள் ‘கோன்’, ‘சிலொக்சேன்’ என்று முடியும் சொற்கள் இருந்தால் அது சிலிக்கோன் வகை. சிலிக்கோன் பிரைமருக்கு மேல் சிலிக்கோன் பவுண்டேஷன், நீர்வகைக்கு மேல் நீர்வகை என்று வைத்துக்கொண்டால் தொல்லை குறைவு. மாற்றிப் போட்டால் பூச்சு அழிறப்பர் தூள்போல உருண்டு உருண்டு வரும். பிரைமரும் முகம் முழுக்க வேண்டியதில்லை. நெற்றி, மூக்கு, மேலுதடு, நாடி போதும்.

பிரைமருக்குப் பதிலாகக் கலமைன் லோஷன் பூசும் பழக்கம் நம்மிடையே உண்டு. பாமசியில் மலிவாகக் கிடைக்கும், எண்ணெயையும் உறிஞ்சும். தண்ணீர்போல மெல்லியதாக, நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும் தொட்டு உலரவிட்டால் பயன் தரும். கூடினால் றோஸ் கலந்த சாம்பல் படிவு விழும், கருத்த சருமத்தில் அது நன்றாகத் தெரியும். மில்க் ஒஃப் மக்னீசியாவை முகத்தில் பூசச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதைத் தவிருங்கள். அது காரத்தன்மை கூடியது, அடிக்கடி பாவித்தால் சருமத்தின் மேற்காப்பு கெடும். அக்குளுக்கான வியர்வைத் தடுப்பானைச் சவரம் செய்த கன்னத்தில் பூசுவதும் ஆகாது. நெற்றி மயிரோரம் மட்டும் வியர்த்துக் கொட்டுபவர்கள் முதல்நாள் இரவு, உலர்ந்த தோலில், அந்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தடவிக் காலையில் கழுவலாம். அதற்கும் முன்னால் காதுக்குப் பின்புறம் பூசி ஒரு நாள் பார்த்துவிடுங்கள்.

தாடி நிழல்

முழு மேக்கப்பும் நிற்பதா விழுவதா என்பது மேலுதட்டிலும் நாடியிலும் தீர்மானமாகிறது. பலருக்கு மேலுதடு சீக்கிரமே வியர்க்கும். பேசும்போதும் சாப்பிடும்போதும் அதிகம் அசைவதும் அதைச் சுற்றிய இடந்தான். நாம் தடிப்பாகப் பூசுவதும் அங்கேதான். ஆகவே இந்தப் பகுதிக்கு மட்டும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

தாடி நிழல் நீலச் சாம்பல் நிறம். அதைப் பவுண்டேஷனால் மட்டும் மூடப் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், மறைக்க மறைக்கத் தடிப்பு ஏறும். அதற்கு எதிரான நிறத்தால் நீலத்தை முதலில் அடிக்க வேண்டும். வெளிறிய சருமத்துக்குப் பீச் நிறம், மாநிறத்துக்குச் செம்மஞ்சள், கருத்த சருமத்துக்குச் செங்கல் சிவப்பு கலந்த செம்மஞ்சள். இந்த நிறப்பூச்சுகளைக் கரெக்டர் என்று தனியாக விற்கிறார்கள். அரங்கேற்றங்களுக்கு மேக்கப் போடுபவர்கள் பாவிக்கும் கிரையோலன் பெயின்ட் ஸ்டிக் போன்ற மேடைப் பூச்சுகளிலும் இந்த நிறங்கள் உண்டு, அவை வியர்வைக்கு நன்றாக நிற்கும். கையில் எதுவும் இல்லையென்றால் மினுக்கமில்லாத செம்மஞ்சள் லிப்ஸ்டிக் உதவும். கிரீம்போல வழுக்கும் லிப்ஸ்டிக் உதவாது.

1. மேலுதட்டுக்கும் நாடிக்கும் ஒரு பயறளவு, இரு தாடைக்கும் தலா ஒரு பயறளவு கரெக்டர் எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

2. விரல் நுனியில் தேய்த்துச் சூடாக்கி, நிழல் உள்ள இடத்தில் மட்டும் தட்டித் தட்டி அழுத்துங்கள். இழுத்துப் பூசினால் மயிர்க்கால்களின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் நிறம் படியும், மறுபக்கம் நீலமாகவே நிற்கும். மேலுதட்டைப் பற்களின் மேல் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்தால் மடிப்புகள் விரியும்.

3. யன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் தெரியக்கூடாது, முகம் செம்மஞ்சளாகவும் தெரியக்கூடாது. மங்கிய மண்ணிறமாக இருந்தால் சரி.

4. நிறமற்ற தூள் பவுடரை வெல்வெட் பஃபில் எடுத்து, பஃபின் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று தேய்த்துத் தூளை உள்ளே ஏற்றி, பாதியாக மடித்து உருட்டியபடி அழுத்துங்கள். ஐந்து நிமிடம் விட்டு, மிஞ்சியதைப் பெரிய பிரஷால் தட்டிவிடுங்கள்.

5. மேக்கப்பை இறுக்கி நிறுத்தும் செட்டிங் ஸ்பிரே ஒரே ஒரு தடவை. ஃபேனில் ஒரு நிமிடம்.

6. ரிஷூவின் இரண்டு படைகளைப் பிரித்து ஒற்றைப் படையை எடுத்து மேலுதட்டில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் இன்னும் பவுடர் வேண்டும். ஒட்டாவிட்டால் மட்டும் அடுத்த கட்டம்.

இந்த ரிஷூச் சோதனையை ஒவ்வொரு அடுக்குக்கும் செய்யுங்கள். உலராத கரெக்டருக்கு மேல் பவுண்டேஷன் போடுவது ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. இரண்டு மணித்தியாலத்தில் செம்மஞ்சள் புள்ளிகள் மேலே எட்டிப்பார்த்தால், நீங்கள் விட்டது நான்காவது படி அல்லது மீறியது முதலாவது படி.

லேசர் மூலம் தாடியைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு இந்தப் பகுதி பாதியாகச் சுருங்கும். அது பல அமர்வுகள் எடுக்கும், கருத்த மயிரில்தான் வேலை செய்யும், கருத்த சருமத்துக்கு ஏற்ற கருவி உள்ள இடத்தில் தோல் வைத்தியரைக் கண்டே செய்ய வேண்டும்.

பவுண்டேஷனும் பவுடரும்

எண்ணெய் இல்லாத, மினுக்கமில்லாத பவுண்டேஷன் முழு முகத்துக்கும் இரண்டு கடலையளவு. முகத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஸ்பொஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசுங்கள். ஸ்பொஞ்சை நனைத்தால் துவாயில் சுற்றி நன்றாகப் பிழிய வேண்டும். ஈரம் சொட்டும் ஸ்பொஞ்ச் கீழே போட்ட கரெக்டரைக் கிளப்பிவிடும். தாடிப் பகுதியில் ஸ்பொஞ்சைத் திருகவோ இழுக்கவோ கூடாது.

நிறத்தைக் கையில் பூசிப் பார்த்து வாங்காதீர்கள். தாடையோரத்தில் ஒரு கோடு போட்டு, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓரிரு நிறம் வெளிறலாக எடுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. வியர்வையும் எண்ணெயும் கலந்தால் வெளிறிய பவுண்டேஷன் சாம்பலாகும், கழுத்து தனியாகவும் முகம் தனியாகவும் தெரியும். உங்கள் சொந்த நிறத்துக்குப் போடுங்கள், அது அழகாகவும் இருக்கும், கலையும்போதும் அவ்வளவாகத் தெரியாது. கழுத்திலும் தாடி நிழல் உண்டென்பதால் ஸ்பொஞ்சில் மிஞ்சியதைக் கழுத்துவரை இறக்குங்கள். ஆனால் சட்டைக் கழுத்தோ சங்கிலியோ உரசும் இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்துங்கள்.

புறக்கோட்டைத் தெருக்கடைகளில் நம்பமுடியாத மலிவில் கிடைக்கும் பெரிய பெயர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போலிகள் நிறைய. பெட்டியில் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, இறக்குமதியாளர் விபரம் இல்லாததை முகத்தில் போடாதீர்கள். வெண்மையாக்கும் கிரீமை மேக்கப்புக்கு அடியில் பூசுவதை முற்றாக விடுங்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது.

பவுடரையும் அழுத்தித்தான் போட வேண்டும், தூவக்கூடாது. நெற்றி, மூக்கு, தாடிப் பகுதி ஆகியவற்றுக்கு நன்றாக. வாயோரக் கோடுகளுக்கும் கண்ணோரத்துக்கும் மிகக் குறைவாக. சிரிக்கும்போது வெடிப்பது இந்தக் கோடுகளில்தான். குழந்தைப் பவுடர் ஒரு முறைக்குச் சமாளிக்கும், ஆனால் வியர்வை பட்டதும் திரண்டு வெள்ளைக் கட்டியாகும். கருத்த சருமத்துக்கு மஞ்சள் சாயல் கொண்ட பவுடர் நல்லது. முழுக்க சிலிக்காவால் ஆன மிக நுண்ணிய வெள்ளைப் பவுடர்கள் கண்ணாடியில் தெரியாது, பிளாஷ் அடித்த படத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளையாகத் துலங்கும். வெளிக்கிட முன் ஒரு பிளாஷ் படம் எடுத்துப் பாருங்கள்.

கடைசியில் செட்டிங் ஸ்பிரே. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று கிளிசரின் கலந்து முகத்தைப் பளபளப்பாக்குவது, இது கொழும்புக்குத் தேவையில்லை. மற்றது மெல்லிய பிசின் படலம் விடும் வகை. மேடைக்காரர்கள் பாவிக்கும் பென் நை ஃபைனல் சீல், கிரையோலன் ஃபிக்சிங் ஸ்பிரே எல்லாம் இந்த வகை. 20, 25 சென்றிமீற்றர் தள்ளிப் பிடித்து, கண்ணையும் வாயையும் மூடி, மூச்சைப் பிடித்து, பெருக்கல் குறிபோல ஒரு தடவை, கூட்டல் குறிபோல ஒரு தடவை. உலரும்வரை முகத்தை அசைக்க வேண்டாம். அல்ககோல் கலந்தவை தீப்பற்றும். விளக்கோ கற்பூரமோ எரியும் சாமியறைக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள். தலைமயிருக்கான ஹெயார் ஸ்பிரேயை முகத்துக்கு அடிப்பது கண்ணுக்கும் தோலுக்கும் கேடு.

புருவமும் கண்ணும்

புருவத்தை ஒட்டும் பசைக்குச்சியால் அழுத்தி மறைத்து, மேலே புதிதாக வரையும் முறையைப் புதியவர்கள் பலர் முதல்நாளே முயல்கிறார்கள். குளிரூட்டிய மேடையில் அது நிற்கும். பாடசாலைப் பசைக்குச்சி தண்ணீரில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது, வியர்வையும் தண்ணீர்தான். வெளியே போகும் நாளில் புருவத்தை மறைக்காமல், கீழோர மயிர்களை ஒதுக்கி, நீளமானவற்றைக் கத்தரித்து, நீர்புகாப் பென்சிலால் வடிவம் கொடுப்பதே சரி. மறுநாள் வேலைத்தலத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு மேல் பிடுங்க வேண்டாம். மேல்பக்கத்தைத் தொடாதவரை பொதுவாக யாரும் கவனிப்பதில்லை.

கண்மையைக் கீழ்க்கண்ணின் உள்வரியில் இழுத்தால் ஒரு மணித்தியாலத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையமாக இறங்கும். மேலிமையின் மயிரடியில் ஜெல் லைனர் போட்டு, அதே நிறக் கண்சாயப் பொடியை மெல்லிய பிரஷால் அதன்மேல் அழுத்துங்கள். கீழே கண்மை இல்லாமல் முடியாது என்பவர்கள் வெளிப்புற மூன்றிலொரு பங்குக்கு மட்டும் போட்டுப் பொடியால் பூட்டுங்கள். மஸ்காராவில் நீர்புகா வகை வியர்வைக்கு நிற்கும், ஆனால் சரும எண்ணெயில் கரையும். டியூபிங் வகை மயிரைச் சுற்றி உறைபோல இறுகுவதால் இரண்டுக்கும் நிற்கும், வெந்நீர்த் துணியால் கழன்றும் வரும்.

ஒட்டு இமைகளுக்குப் பசை பூசியதும் ஒட்டாதீர்கள். 30, 40 விநாடி விட்டால் ஒட்டும்பதம் வரும். மூக்குப் பக்க முனைதான் முதலில் கிளம்பும் என்பதால், பசைக்கு முன் அந்த இடத்தின் எண்ணெயையும் பவுடரையும் கொட்டன் பட்ஸால் துடையுங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் இல்லாத பசை வாங்க வேண்டும்.

உதடும் பொட்டும்

லிப் லைனரால் உதடு முழுக்க நிரப்பி, மேலே மெல்லிய மேட் லிப்ஸ்டிக். ரிஷூவின் ஒற்றைப் படையை உதட்டில் வைத்து அதன் வழியே பவுடரை அழுத்தி, இன்னொரு மெல்லிய பூச்சு. மறுநாள் காலை வேலை இருந்தால், இரண்டு நாள் சாயம் விடும் லிப் ஸ்டெயின் வகைகளைத் தவிருங்கள். லிப் கிளாஸ் வேண்டவே வேண்டாம். காலிமுகத்திடல் காற்றில் விக் மயிர் முழுக்க அதில்தான் ஒட்டும்.

ஸ்டிக்கர் பொட்டு விழுவது பசையின் குற்றமாக இருப்பது குறைவு. பவுடருக்கு மேல் ஒட்டுகிறோம், பசை பிடிப்பது பவுடரைத்தான். வியர்வை வந்ததும் பவுடரும் பொட்டும் சேர்ந்தே வரும். பொட்டு வரும் இடத்தைக் கொட்டன் பட்ஸால் வெறுந்தோலாக்கி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தொட்டுத் துடைத்து, உலர்ந்ததும் ஒட்டி, பத்து விநாடி அழுத்துங்கள். பெரிய பொட்டுக்கு இமைப்பசையில் ஒரு துளி. ஒரே இடத்தில் அடிக்கடி ஒட்டி, தோல் சொறிந்தால் அல்லது வெளிறினால் நிறுத்திவிடுங்கள். சில பொட்டுப் பசைகள் தோலின் நிறத்தையே போக்கிவிடும்.

பஞ்சும் விக்கும்

இடுப்புப் பஞ்சும் இரண்டு மூன்று சோடித் தடித்த காலுறையும் இறுக்கிய கோர்செட்டும் சேர்ந்தால் உடம்பின் சூடு வெளியே போக வழியில்லை. அந்தச் சூடு நெற்றியில் வியர்வையாக வரும். முகத்தில் எவ்வளவு நுணுக்கம் காட்டினாலும் இதைக் கவனிக்காவிட்டால் பயனில்லை. சாறி உடுத்தும் நாளில் பாவாடையும் மடிப்பும் இடுப்பை நிரப்பிவிடும், பஞ்சைப் பாதியாக்கலாம். பட்டுச்சாறியைவிடக் கொட்டன் அல்லது மெல்லிய ஷிஃபோன் நல்லது. சிலிக்கோன் மார்புகளுக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய பருத்தித்துணி வையுங்கள், வியர்வையை அது குடிக்கும், உரசிப் புண்ணாவதும் குறையும்.

உடை உடுத்திய பிறகு திரும்பவும் ஐந்து நிமிடம் ஃபேன். விக் கடைசி. இறுக்கமான நைலோன் தொப்பியைவிட வலைத்தொப்பி காற்று விடும். நெற்றியோரத்தில் பவுண்டேஷன் இல்லாத ஒரு விரல் அகலம் விட்டு, அங்கே ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு விக்கைப் பொருத்துங்கள். விக்கின் முன்னோர வலையைத் தோலோடு ஒட்டும் லேஸ் பசைக்குப் புதியவர்கள் போக வேண்டாம். உள்ளே ஒரு பருத்திப் பட்டி கட்டினால் வழியும் வியர்வை புருவத்தை எட்டாது. முன்னால் சில மயிர் விழும்படியான விக் என்றால் நெற்றி விளிம்பைப் பற்றிய கவலையும் இல்லை.

வெளியே

சாப்பாட்டை மேக்கப்புக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். உறைப்பான கொத்து ரொட்டியும் சுடச்சுடப் பிளேன்ரீயும் சில நிமிடத்தில் மேலுதட்டை வியர்க்க வைக்கும். குளிர்ந்த தண்ணீரை ஸ்ட்ரோவால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஓட்டோவைவிட ஏசி உள்ள கார் ஒரு மணித்தியால மேக்கப்பை மிச்சப்படுத்தும். செலவு கூடத்தான், ஆனால் போகும் வழிக்கு மட்டுமாவது காரை வையுங்கள்.

வியர்த்தால் துடைக்கக்கூடாது. இதை மட்டும் கைக்குப் பழக்கிவிட வேண்டும். ஒற்றைப் படை ரிஷூவை வைத்து அழுத்தி எடுங்கள், பிறகு எண்ணெய் உறிஞ்சும் தாள், முழுதாக உலர்ந்த பிறகே பவுடர். ஈரத்தில் பவுடர் போட்டால் கட்டியாகும், அதைச் சரிசெய்ய அந்த இடத்தை வெறுந்தோல்வரை துடைத்து மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. மழைத்துளி விழுந்தாலும் இதே முறைதான். கைப்பைக்குள் ரிஷூ, உறிஞ்சுதாள், பஃபோடு சிறிய பவுடர், லிப்ஸ்டிக், இமைப்பசை, கொட்டன் பட்ஸ், ஊசிகள், சார்ஜில் ஓடும் சின்ன ஃபேன்.

தேசிய அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். பொலிஸ் மறித்துக் கேட்டால் அட்டையில் உள்ள பெயரையே சொல்லுங்கள். இப்படி உடுத்துபவர்கள்மேல் தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவான ஆள்மாறாட்டக் குற்றத்தைச் சுமத்துவது இலங்கையில் நடந்திருக்கிறது. வேறு பெயர் சொல்லி அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். தனியாகப் போகாதீர்கள்.

எவ்வளவு நேரம் எதிர்பார்க்கலாம்? இவ்வளவும் செய்தால், பெரும்பாலும் ஏசியில் இருந்துவிட்டு இடையிடையே வெளியே வரும் மாலைக்கு ஐந்து ஆறு மணித்தியாலம், இரண்டு முறை ஒற்றியெடுத்தால் போதும். முழுக்கத் திறந்தவெளி என்றால் மூன்று மணித்தியாலத்தோடு மேலுதட்டைத் திருத்த வேண்டிவரும். முதன்முதலாக வெளிக்கிட ஜனவரி, பெப்ரவரி மாலைகளைத் தெரிவுசெய்யுங்கள், காற்று கொஞ்சம் காய்ந்திருக்கும். மார்ச், ஏப்ரல் பகல் யாருக்கும் கடினம்.

கழுவுதல்

நீர்புகாப் பொருட்கள் சவர்க்காரத்துக்குப் போகா. தேங்காயெண்ணெயோ பேபி ஒயிலோ ஒரு தேக்கரண்டி எடுத்து உலர்ந்த முகத்தில் பூசி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மிருதுவாக உருட்டித் துடையுங்கள். பிறகு முகக்கழுவியால் இரண்டு தடவை கழுவுங்கள். எண்ணெய் மிஞ்சினால் மயிர்க்கால்கள் அடைத்துத் தாடிப் பருக்கள் வரும். வீட்டாரோ வேலையிடமோ அறியக்கூடாது என்றிருந்தால் மூன்று இடங்களைத் திரும்பப் பாருங்கள்: இமைமயிரின் அடி, காதுக்கு முன்புற மயிரோரம், நகக்கண். இமையடியில் மிஞ்சிய கருமை காலையில்தான் பளிச்சென்று தெரியும். எண்ணெய் தொட்ட கொட்டன் பட்ஸை மூடிய கண்ணின் விளிம்பில் இருமுறை ஓட்டினால் போய்விடும்.

லிப்ஸ்டிக்கும் பெயின்ட் ஸ்டிக்கும் யன்னலோரச் சூட்டில் வியர்த்து இளகும். குளிர்சாதனப்பெட்டியின் கதவுத்தட்டில் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். மஸ்காராவை மூன்று மாதத்தில் எறியுங்கள். ஸ்பொஞ்சையும் பஃபையும் அன்றிரவே சவர்க்காரத்தில் கழுவி, பைக்குள் போடாமல் ஃபேனுக்குக் கீழே காயவிடுங்கள். இந்த ஊர்க் காற்றில் ஈர ஸ்பொஞ்ச் மூடிக்கிடந்தால் சில நாளில் உள்ளே கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். புள்ளி கண்டால் கழுவிப் பார்க்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.